வேவு பார்க்க வந்த வெள்ளைக்காரர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வெறுமனே உமாபதி என்று விசாரித்தால், "எந்த உமாபதி? பால் ஊத்துறவரா, கரண்டு வேலை பாக்குறவரா?" என்று நம்மையே திருப்பி விசாரிப்பார்கள். "உளவு உமாபதி" என்று கேட்டால்தான் நேராக ஒரு வீட்டைக் கைகாட்டுவார்கள். உளவுத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

உமாபதி பட்டு நெசவாளி. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டால் கைக்கும் காலுக்கும் வேலை உண்டு, காதுக்கு இல்லை. அந்தக் காதில் அவருடைய கைப்பேசி பகலெல்லாம் உலகத்து உளவு ரகசியங்களை ஊற்றிக்கொண்டிருக்கும். "இன்றுவரை யாருக்குமே தெரியாத ரகசியம்" என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு வீடியோவையும் பல லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். காது வாங்கியதை வாய் சாயங்காலம் மாணிக்கவேல் டீக்கடையில் விநியோகம் செய்யும். அதற்கு முன்னால் ஒத்திகை ஒன்று உண்டு. கோர்வைப் புடவை என்றால் குறுக்கே ஊடை இழையை ஓட்ட உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். உமாபதிக்குப் பக்கத்தில் உட்காருபவர் அவர் மனைவி நீலாம்பாள். எழுந்து போக முடியாத ரசிகை.

காஞ்சிபுரத்துக்காரருக்கு உளவில் ஆசை வந்தது பெரிய ஆச்சரியம் இல்லை. வெளியூர் வண்டி ஊருக்குள் நுழைந்ததும் நம்பர் பிளேட்டைப் பார்த்து, கோயில் வாசல் வரைக்கும் பைக்கில் பின்தொடர்ந்து, "சார், தறியில நேரா எடுக்கறீங்களா?" என்று கண்ணாடியைத் தட்டும் தரகர்களிடம் எந்த நாட்டு உளவுத்துறையும் பாடம் படிக்கலாம். ஒருவர் புதுசாக ஒரு பார்டர் போட்டால், பொழுது சாய்வதற்குள் அதே பார்டர் அடுத்த தெருவில் ஓடும். இந்த ஊரில் மறைத்து வைக்க முடிந்தது பல்வலி ஒன்றுதான். அதுவும் கன்னம் வீங்குகிற வரைக்கும்.

உமாபதியிடம் எத்தனையோ கதைகள் இருந்தாலும், முந்தானை வைத்து நெய்த கதை ஒன்றுதான். அது அவர் வீட்டிலேயே நடந்தது.

அப்போது அவருக்கு ஆறேழு வயசு. அப்பா, பெயர் சின்னப்பையன், தறியில் இருந்தார்; இவர் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். இடுப்பில் வேட்டி, தோளில் கேமரா. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு தமிழிலேயே சொன்னார்: "ஐயா, நான் வேவு பார்க்க வந்தேன்."

சின்னப்பையன் ஒரு நிமிஷம் ஆடிப்போனார். ஆனால் நியாயஸ்தர். "மறைஞ்சி நின்னு பாத்தாத்தான் தப்பு. இவன் சொல்லிட்டுப் பாக்கறான். பாத்துட்டுப் போவட்டும்" என்று பாய் விரித்துப் போட்டு, கோலி சோடா வாங்கிவரச் சொன்னார். வந்தவர் தறியில் நீளவாக்கில் ஓடிய பாவு நூலைத் தொட்டுப் பார்த்தார். தறிக்கு மேலே தொங்கிய, டிசைனுக்காக ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைகளைப் படம் எடுத்தார். சாயங்காலம் மறுபடியும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அப்புறம் வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் உமாபதி போட்ட ஊடை. அந்த அட்டை ஓட்டைகளில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வரைபடம் ஒளிந்திருந்தது என்பது பிற்பாடு சேர்ந்தது.

"காஞ்சிபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் இன்னா சம்பந்தம்?" என்று மாணிக்கவேல் ஒருமுறை டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டும் கானா எழுத்துலதான் ஆரம்பிக்குது. அங்கதான் மொத க்ளூவே!"

வெள்ளைக்காரர் எந்த நாடு என்பதும் நிலையாக நிற்கவில்லை. அந்தந்த வாரம் பேப்பரில் எந்த நாட்டுக்குக் கெட்ட பெயரோ, அந்த நாட்டுக்காரராக அவர் மாறிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையை ஊரே ரசித்தது, டேனியலைத் தவிர. டேனியல் உமாபதியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். செவிலிமேட்டில் வீடு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் எலும்பு முறிந்தது என்று அடிபட்டவரே கதறினாலும் நம்பாதவர்.

கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. நூலகர் இளவரசி ஒருநாள் டீக்கடைக்கே வந்து, "ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல நம்ம ஊர் வரலாறு பத்திப் பேச ஒருத்தர் வேணும்" என்றார். மாணிக்கவேல் யோசிக்காமல் உமாபதியைக் கைகாட்டினார். இளவரசி தலை மறைந்ததும் டேனியல் ஆரம்பித்தார்.

"இன்னா பேசப் போற? வெள்ளைக்காரன் கதைதானே?"

"பின்ன?"

"நூலகம்பா அது. டீக்கடை மாதிரி அள்ளி வுட முடியாது. ஆதாரம் இருக்குதா?"

"எங்கப்பாவே பாத்தாருப்பா."

"உங்கப்பா போய்ச் சேந்துட்டாரு. நம்பற மாதிரி ஒரு புத்தகத்துல இருக்குதா?"

"இல்லாமயா போவும்? இம்மாம் பெரிய விஷயம்!"

"அப்ப கொண்டாந்து காட்டு. காட்டிட்டேன்னா இதே கடையில நின்னு நானே உன் கதைய சொல்றேன். காட்டலேன்னா ஞாயித்துக்கிழமையோட அந்த வெள்ளைக்காரனுக்குக் காரியம் பண்ணிடணும். இனிமே இந்தத் தெருவுல நீ அவன் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமாபதி டேனியலின் உள்ளங்கையில் ஓங்கி அடித்துச் சரி என்றார். வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெள்ளைக்காரர் போய்விட்டால் உளவு போய்விடும். உளவு போய்விட்டால் மிச்சம் வெறும் உமாபதி. பால் ஊத்துறவருக்கும் கரண்டு வேலைக்காரருக்கும் அடுத்தபடி மூன்றாவது ஆள்.

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனார். படித்தவர்கள் இருக்கும் இடத்தில் போய் உளவு என்று சொல்வது அவருக்கு மலிவாகப் பட்டது. வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் நெய்துகொண்டே போனார்.

"ஒற்று பற்றி ஒரு நம்பகமான நூல் வேண்டும்."

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் கூட்டம் சுற்றி நின்றது. இளவரசி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு ஒல்லியான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். உமாபதி பிரித்தார். முதல் பாடத்தின் தலைப்பு: "ஒற்று மிகும் இடங்கள்." அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒற்றர்கள் அதிகமாக இருக்கும் இடங்கள்! அடுத்த பாடம், "ஒற்று மிகா இடங்கள்." ஆபத்தில்லாத இடங்களையும் தனியாகப் போட்டிருக்கிறான். இதுவல்லவா நம்பகம்!

தறியில் உட்கார்ந்து நீலாம்பாளுக்குப் படித்துக் காட்டினார். "மொத்தம் நாலு பேருமா. முழுப் பேரு போடல. க், ச், த், ப். ரெண்டு வார்த்தைக்கு நடுவுல ஒளிஞ்சிக்கினு இருப்பானுங்களாம். இங்க பாரு, வேற்றுமையில மிகும்னு போட்டிருக்குது. ஜனங்களுக்குள்ள வேற்றுமை வந்துதுன்னா அங்க இவனுங்க ஜாஸ்தியாயிடுவானுங்க. எவ்ளோ பெரிய உண்மைய எவ்ளோ சுருக்கமா சொல்லிட்டான்!"

நீலாம்பாள் கரை நாடாவை வைத்துவிட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இது இலக்கணம். பத்தாவதுல எனக்கு மார்க்கு போனதே இதுலதான்."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது இளவரசி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அவரை உட்கார வைத்து, உண்மையாகவே பேசினார்.

"உளவு வரலாத்துல ஒரு தொல்லை இருக்குதுண்ணா. அதுல இருந்தவங்க பொய் சொல்றதுக்கே சம்பளம் வாங்குனவங்க. ரிட்டயர் ஆனதும் அவங்களே புத்தகம் போட்டுடறாங்க. அதுல தோத்த கதை ஒண்ணாவது வருதான்னு பாருங்க. வரலேன்னா அது புத்தகம் இல்ல, கட்-அவுட்டு. கவர்மெண்ட் ஃபைலெல்லாம் பல வருசம் கழிச்சித்தான் வெளிய வரும், அதுலயும் பாதி வரிய கருப்பு மையால அடிச்சிருப்பாங்க. அதைத் தேடிப் போய்ப் படிச்சவங்க, எந்த ஃபைலு, எந்தத் தேதின்னு புத்தகத்துக் கடைசியில குறிப்பு போட்டிருப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேரு ஒரே சேதிய சொல்றாங்களான்னு பாருங்க. இன்னொண்ணு, 'தெரியவில்லை'ன்னு எங்கயாச்சும் எழுதியிருக்காங்களான்னும் பாருங்க. எழுதியிருந்தா நம்பலாம்."

உமாபதிக்குக் கடைசிச் சொல்தான் விளங்கவில்லை. தெரியவில்லை என்று சொல்பவரை எப்படி நம்புவது? அவர் வளர்ந்த ஊரில் அந்த வார்த்தை புழக்கத்திலேயே கிடையாது. ஓரிக்கைக்கு வழி கேட்டவரை வேறு திசையில் இருக்கும் முசரவாக்கத்துக்கு அனுப்பி வைப்பார்களே தவிர, தெரியாது என்று சொல்லி மனசை நோகடிக்க மாட்டார்கள்.

ஆனால் கடைசியில் குறிப்பு என்றதும் அவருக்குள் ஒரு விளக்கு எரிந்தது. "பின்பக்கம் பாக்கணும்கறீங்க" என்றார். "இதைத்தான் நாங்க தெனம் செய்யறமே!"

கடையில் புடவை வாங்க வருபவர் முன்பக்கம் பார்த்து மயங்குவார். நெய்தவர் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார். எங்கே இழை அறுந்து முடிச்சு விழுந்தது, எங்கே ஜரிகை தாவியது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். அன்றையிலிருந்து உமாபதி புத்தகங்களைப் பின்னாலிருந்து படித்தார். பின்னால் மட்டுமே படித்தார். குறிப்பில்லாத புத்தகத்தை இரண்டு விரலால் பிடித்து அலமாரியில் திரும்ப வைத்தார். குறிப்புள்ளதைத் தறிக்குக் கொண்டுவந்து, முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே பார்க்காமல், குறிப்புகளுக்குக் கீழே விரல் ஓட்டிப் படித்தார். அப்படியே நூலகத்துக்கு ஓடினார்.

"யாரும்மா இந்த மேலது?"

"எது?"

"மேலது! எல்லாப் புத்தகத்துலயும் இருக்கறான். டெல்லி சமாச்சாரத்துல இருக்கறான், லண்டன் சமாச்சாரத்துல இருக்கறான். மேலது, பக்கம் நாப்பது. மேலது, பக்கம் எம்பது. இவன்தாம்மா தலைவன்!"

இளவரசி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "மேல சொன்ன அதே புத்தகம்னு அர்த்தம்ணா."

உமாபதி ஒரு பெரிய உளவாளியை இழந்த துக்கத்தோடு வீடு திரும்பினார். ஆனாலும் விரல் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் என்ற நிலையில், தென்னிந்தியாவில் நடந்த அந்நிய உளவு பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் "காஞ்சிபுரம்" என்ற சொல்லில் விரல் முட்டி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குறிப்பிலிருந்து உள்ளே திரும்பினார். அங்கே இருந்தது! வேட்டி கட்டிய வெள்ளைக்காரர், நெசவாளர் வீடு, அட்டையில் ஓட்டை, கல்பாக்கம், எல்லாம்.

"நீலா! கெடச்சிட்டுது! புத்தகத்துல இருக்குது! டேனியலு செத்தான்!"

தெருவுக்கே கேட்டது. நீலாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தைப் படித்தார். அப்புறம், ஊரில் யாரும் செய்யாததைச் செய்தார். பின்பக்கம் திருப்பிக் குறிப்பையும் முழுசாகப் படித்தார்.

"இன்னா போட்டிருக்குதுன்னு பாத்தீங்களா?"

"காஞ்சிபுரம்னு போட்டிருக்குது."

"அதுக்கு அப்புறம்?"

உமாபதி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தகவல்: திரு. சி. உமாபதி, நெசவாளர், பிள்ளையார்பாளையம். தேநீர்க் கடை உரையாடல்."

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அச்சில் பெயர்! திரு வேறு! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒருவர் மாணிக்கவேல் கடையில் இரண்டு டீ வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. வந்தவர் பேராசிரியர் என்று அப்போது தெரியாமல் போய்விட்டதே! தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் நீலாம்பாள். "நீங்க சொன்னதுக்கு அவரு சாட்சி. அவரு சொன்னதுக்கு நீங்க சாட்சி. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேரு வேணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சின்னீங்களே. உங்களுக்கு உங்களையே தெரியாதா?"

"டேனியலு பின்பக்கமெல்லாம் பாக்க மாட்டான்" என்றார் உமாபதி, மெதுவாக.

"அவரு பாக்க மாட்டாரு, நீங்க பாத்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு நீலாம்பாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நல்ல கூட்டம். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் மின்விசிறியை விட்டு நகர மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம். மாணிக்கவேல் கடைக்கு லீவு விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் வரிசையில் டேனியல். கடைசி வரிசையில் நீலாம்பாள்.

"கதை அப்புறம். மொதல்ல படத்த காட்டு" என்றார் டேனியல்.

உமாபதி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். டேனியல் படித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் படித்தார். முகம் தொங்கிவிட்டது.

"இருக்குதுப்பா" என்றார். பின்னாலிருந்து மாணிக்கவேல் கைதட்டினார்.

அந்த இடத்தில் உமாபதி சும்மா இருந்திருக்கலாம். வெள்ளைக்காரர் பிழைத்திருப்பார், டேனியலே டீக்கடையில் நின்று கதை சொல்லியிருப்பார். ஆனால் இத்தனை நாள் பின்பக்கம் பார்த்த விரல் சும்மா இருக்கவில்லை. குறை இருக்கும் புடவையை மடித்துக் கொடுக்கும்போது வரும் அரிப்பு அது.

"பின்பக்கம் பாருப்பா" என்றார்.

"எதுக்கு?"

"பாருன்றேன்."

டேனியல் திருப்பினார். உமாபதியின் விரல் காட்டிய இடத்தைச் சத்தமாகப் படித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டேனியல் சிரிக்கவில்லை. "ஏம்பா காட்டுன? ஜெயிச்சிட்டயே!" என்று கோபப்பட்டார்.

இளவரசி எழுந்தார். அவர் முகத்தில் பெருமை. "பேராசிரியரை விடுங்கண்ணா. நீங்களே நேர்ல இருந்த சாட்சிதானே? அப்பா சொல்லிக் கேட்டது வேணாம். அந்தாளு வாயிலேருந்து வந்ததை நீங்க எப்படிக் கேட்டீங்களோ, அதே மாதிரி சொல்லுங்க. அது போதும், நாங்க நம்பறோம்."

உமாபதிக்கு உயிர் வந்தது. நேரில் இருந்த சாட்சி! இது ஏன் தோன்றாமல் போயிற்று? கண்ணை மூடிக்கொண்டார். வாசல் தெரிந்தது, வேட்டி தெரிந்தது, சிவந்த காது தெரிந்தது. கையைக் கூப்பிக்கொண்டு, மூக்கால் பேசும் அந்தக் குரலிலேயே சொன்னார்:

"ஐயா… நான்… வீவ்… பார்க்க வந்தேன்."

கண்ணைத் திறந்தார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார் டேனியல்.

"வீவ் பார்க்க…" உமாபதி நிறுத்தினார். அப்பா சொல்லும்போது வேவு. அவன் சொல்லும்போது வேவு இல்லை. இத்தனை வருஷமும் அப்பாவின் வாயால்தான் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

கடைசி வரிசையிலிருந்து நீலாம்பாளின் குரல் வந்தது. "ஏங்க, கோயிலுக்கு வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் நம்ம வாசல்ல நின்னு இன்னா கேக்கறாங்க? ஹேண்ட் வீவ், ஹேண்ட் வீவ்னுதானே?"

நெசவுக்கு அவன் பாஷையில் வீவ். தமிழ் வார்த்தை தெரியாமல் அவன் பாஷையைச் செருகிவிட்டான், பாவம். ஆங்கிலம் தெரியாத சின்னப்பையனின் காதில் அது வேவு என்று விழுந்தது. நெசவு பார்க்க வந்தவரை நெசவாளர் ஒருவர் உளவாளி என்று நினைத்து, உளவாளி என்று தெரிந்தே சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த வெள்ளைக்காரர் எந்த ஊர், எடுத்த படங்கள் என்ன ஆயின என்று யாரோ கேட்டார்கள்.

உமாபதி வாயைத் திறந்தார். ஐந்தாறு நாடுகள் நுனி நாக்கில் வந்து வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"தெரியல" என்றார்.

இளவரசி மட்டும் கைதட்டினார்.

பேச்சு பேச்சுதான். திங்கட்கிழமையிலிருந்து உமாபதி டீக்கடையில் வாய் திறக்கவில்லை. மழை, பட்டு விலை, பஸ் லேட்டு என்று மற்றவர்கள் எதையெதையோ பேசிப் பார்த்தார்கள். எதுவும் ஓடவில்லை. டீ குடித்ததும் ஆட்கள் எழுந்து போய்விடுவதாக மாணிக்கவேல் டேனியலிடம் முறையிட்டார். "ஜெயிச்சி இன்னாத்த கண்ட? கடையே காலியாயிப் போச்சி."

ஒருநாள் ராணிப்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், கட்டுப்போட்ட கையோடு டீ குடிக்க உட்கார்ந்தார். டேனியலுக்கு என்ன தோன்றியதோ, பெஞ்சில் அவர் பக்கமாக நகர்ந்தார்.

"இந்தத் தெருவுல ஒரு வெள்ளைக்காரன் வந்த கதை தெரியுமா உங்களுக்கு? வேட்டி கட்டிக்கினு நேரா வந்தான். நெசவு பாக்க வந்தேன்னான். இவங்க அப்பாவும் நம்பிட்டாரு."

உமாபதி கிளாசைக் கீழே வைத்தார்.

"யோசிச்சிப் பாருங்க சார்" என்றார் டேனியல், குரலைத் தாழ்த்தி. "உளவாளின்னா உளவு பாக்க வந்தேன்னா சொல்லுவான்? நெசவு பாக்க வந்தேன்னுதானே சொல்லுவான்! அவன் அப்படிச் சொன்னான் பாருங்க, அங்கதான் மொத க்ளூவே!"

கட்டுப்போட்டவர் வாயைப் பிளந்தார். மாணிக்கவேல் கேட்காமலேயே இன்னொரு டீ ஆற்ற ஆரம்பித்தார். போன கூட்டத்தில் பாதி திரும்பி வந்து நின்றது.

உமாபதிக்குத் தொண்டை வரைக்கும் கதை வந்து முட்டியது. கையில் அடித்துச் சத்தியம் செய்தாயிற்று, கதை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே?

"ஆதாரம் இருக்குதா?" என்றார்.

டேனியல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் உமாபதியைச் சுட்டிக்காட்டி வந்தவரிடம் சொன்னார்: "இதோ உக்காந்துக்கினு இருக்குது பாருங்க, இதுதான் ஆதாரம். புத்தகத்துலயே பேரு வந்த ஆளு சார் இது. பின்பக்கத்துல."